அரை இட்லி அதிகம்

சாந்தோம்,
ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள லாய்டுக்கு,

கிளமென்ட் எழுதுகிறேன். தலைப்பில் ‘சேசு மரி சூசை’ என்று போட்டுவிட்டு ஆரம்பி என்றாள் அம்மா. போடவில்லை. இதில் நான் எழுதப் போகிற விஷயங்களுக்கு மேலே அந்த மூன்று பெயர்களை உட்கார வைக்க மனசு வரவில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும். வராது.

உன் அப்பாவை நான் அடித்தேன் என்று உனக்கு ஏற்கெனவே செய்தி வந்திருக்கும். உண்மைதான். ஏப்ரல் பத்தாம் தேதி சாயங்காலம், மருத்துவமனை மூன்றாவது மாடியில். சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவர் பின்தலை நோட்டீஸ் போர்டின் ஓரத்தில் இடித்தது. கையில் இருந்த ஹாட்பாக்ஸைப் பிடுங்கிப் படிக்கட்டில் எறிந்தேன். ஒரு மாடி நீளத்துக்குப் பிரியாணி. செக்யூரிட்டி இரண்டு பேர் என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டி போட்டு அழுத்திய பிறகுதான் நிறுத்தினேன். உன் அப்பா போலீசுக்குப் போகவில்லை. எலுமிச்சம்பழம் போட்டு மட்டன் ஊறவைத்து, மருமகளாக வரப்போகிற என் தங்கைக்காக அவரே சமைத்து, பெசன்ட் நகரிலிருந்து பஸ் பிடித்துக் கொண்டுவந்த மனிதர், கீழே உட்கார்ந்து அந்தச் சோற்றைக் கையால் கூட்டி அள்ளிவிட்டுப் போனார்.

பிரிஸில்லா உயிரோடு இருக்கிறாள். இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பொறுத்துக்கொள். எதையும் வரிசையாகச் சொல்லும் புத்தி எனக்கு இப்போது இல்லை.

போனில் பேசாததற்கு இரண்டு காரணம். உன் கப்பல் சிங்கப்பூர் தாண்டும் வரை மெயில் மட்டும்தான் வரும் என்று உன் அப்பா சொன்னார் (அடி வாங்குவதற்கு முன்னால்). இரண்டாவது, என் போன் இல்லை. சுவரில் அடித்ததில் நாலு துண்டு. ஆஃபீஸ் கம்ப்யூட்டரில் தட்டுகிறேன். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. எழுத்துப் பிழை இருந்தால் அதனால்தான். விரலுக்கு என்ன ஆனது என்பதும் இதில் வரும்.

உன் கவுனில் இருந்து தொடங்குகிறேன்.

நீ கொரியாவில் பூசான் துறைமுகத்தில் வாங்கி ஜனவரி முதல் வாரம் உன் நண்பன் பிரபுவிடம் கொடுத்தனுப்பிய வெள்ளை கவுன். நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த உடுப்பின் அளவுச் சீட்டைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்து, அந்த அளவுக்கே வாங்கியிருக்கிறாய். அந்த அளவை எடுத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். மச்சி, நீ என்ஜினியர். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரீடிங்கை வைத்து நீ உன் கப்பலில் ஒரு பேரிங் மாற்றுவாயா? கவுன் ஜிப் நாலு அங்குலம் ஏறவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்டதற்கு, “சூப்பரா கீதும்மா, கல்யாணத்தன்னிக்குப் பாரு”ன்னு சிரித்துவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். உன்னிடமும் பொருந்துகிறது என்றுதான் சொல்லியிருப்பாள். இல்லையா?

அன்றிலிருந்து அரிசியை நிறுத்தினாள். பிறகு சப்பாத்தி. பிறகு டிபன் பாக்ஸில் வெள்ளரிக்காய் மட்டும். பீரோ கதவின் உள்பக்கம் பென்சிலால் தினமும் எடையை எழுதியிருக்கிறாள். அறுபத்திரண்டில் ஆரம்பிக்கிறது. இதை நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

பிப்ரவரி நடுவில் தவக்காலம் வந்தது. அதுதான் எங்கள் எல்லார் கண்ணையும் கட்டியது. சாம்பல் புதன் அன்று ஒருசந்தி விரதம் இருக்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை மட்டும் இருப்பாள் என்று நினைத்தோம். நாற்பது நாளும் என்றாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் நான் கோயில் பக்கமே தலைகாட்டாதவன், அப்பா இருந்தபோது அவரும் அப்படித்தான். மகளாவது வந்து வாய்த்தாளே என்று பூசை முடிந்து வாசலில் நின்று ஊருக்கெல்லாம் சொன்னாள். “என் பொண்ணு தண்ணியும் கட்டங்காப்பியும்தான். கல்யாணத்துக்காக வேண்டிக்கினு இருக்கா.” சிலுவைப்பாதையில் ஒன்பதாம் தலத்தில் பிரிஸில்லா மயங்கி விழுந்தாள். இரண்டு பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்து பெருமையில் அழுதாள். வேறு எந்த வீட்டிலாவது ஒரு பெண் இப்படி உருகியிருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

அவளுக்கு அந்த நாட்களில் வந்த கோபத்தை நீ பார்த்ததில்லை. பசி ஒரு ஆளைச் சாதுவாக்கும் என்று சொன்னவன் எவனும் பட்டினி கிடந்ததில்லை. பாடம் நடத்துகிற ஸ்கூலில் ஒரு பையனின் நோட்டைக் கிழித்து அவன் முகத்தில் எறிந்திருக்கிறாள். வீட்டில் நான் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தபோது தட்டை என் கையிலிருந்து தட்டிவிட்டு, “இன்னாடா சத்தம் போட்டு மெல்ற, நாயே”ன்னு கத்தினாள். நான் பதிலுக்குக் கத்தினேன். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் ஜெபமாலையோடு நின்றாள். கடைசிப் பத்து நாள், பரிசுத்த வாரம் முழுக்கவும் சேர்த்து, அவள் வாய்க்குள் தண்ணீரைத் தவிர எதுவும் போகவில்லை. எடை நாற்பத்து நாலு.

ஈஸ்டர் அன்று நிறையச் சாப்பிட்டாள். திங்கள்கிழமையும். செவ்வாய்க்கிழமை காலை பாத்ரூமில் விழுந்தாள். தாழ்ப்பாளை உதைத்து உடைத்தேன். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது, மூச்சு நாயைப் போல இரைத்தது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தூக்கினால் எடையே இல்லை. ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவள் தாடை என் தோளில் டக் டக்கென்று அடித்துக்கொண்டே வந்தது.

பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோறும் சர்க்கரையும் கொட்டினால் ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாவற்றையும் செல்கள் ஒரேயடியாக உறிஞ்சிக்கொள்ளுமாம். இதயத்துக்கு மிச்சம் வைக்காதாம். டாக்டர் சொன்னபோது எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. உனக்கும் புரியும். நாமிருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் படித்த பாடம்தானே. நான் தி.நகர் ஹோட்டலில் ஆறு வருஷமாகப் பாய்லர் பார்க்கிறவன். ஷட்டவுனில் ஆறிக் கிடக்கிற பாய்லரில் எடுத்த எடுப்பில் முழு நெருப்புப் போட மாட்டேன். மணிக்கு இத்தனை டிகிரி என்று கணக்கு வைத்து ஏற்றுவேன். போன மாதம் புதிதாக வந்த ஒருவன் அவசரப்பட்டு பர்னரைத் திருகியபோது செவிட்டில் அறைந்து, “ட்யூப் வெடிச்சா உங்கப்பனா வந்து ஒட்டுவான்?” என்று கேட்டவன் நான். இரும்புக்குத் தெரிந்த நியாயம் வீட்டில் இருக்கிற சதைக்குத் தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை, உடைமாற்ற வீட்டுக்கு வந்தபோதுதான் பீரோவைத் திறந்தேன். கவுனைப் பார்த்தேன். கதவில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கேஸ்கட் அறுக்கிற கத்தி பையில் இருந்தது. கவுனைத் தரையில் போட்டு மேலிருந்து கீழாக ஆறு கீறல், பிறகு குறுக்காக. துணி கிழிகிற சத்தம் கேட்க நன்றாக இருந்தது. உன்னைத்தான் கிழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், மறைக்கவில்லை. பிறகு எடை மிஷினை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் இருபத்துநாலு எம்.எம். ஸ்பானரால் அடித்தேன். கண்ணாடித்தூள் ஆகும்வரை. பக்கத்து வீட்டு சொர்ணம் அக்கா துணி காயப்போட வந்தவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். கவுனில் ஜிப் மட்டும் முழுசாக இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்.

மருத்துவமனையில் சாப்பாட்டு முறையைக் கவனிக்கிற டயட்டீஷியன் கைசர் ஜஹான் என்று ஒரு அம்மா. திருவல்லிக்கேணிக்காரர். மிஷினை உடைத்த கதையைக் கேட்டு, “மிஷினை ஒடச்சா எட மாறிடுமா தம்பி? வாராவாரம் எடை பாக்கணுமே, இப்ப உன் தலை மேலயா நிறுத்திப் பாப்பேன்?” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். அவர்தான் அட்டவணை போட்டுக் கொடுத்தார். முதல் நாள் நானூற்று ஐம்பது கலோரி, அவ்வளவே. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் கஞ்சி. தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, உப்புச்சத்து சரியாக இருந்தால் மட்டும் மறுநாள் கொஞ்சம் கூட்டு. சரியில்லையா, ஏற்றாதே, நில். “நாங்க முப்பது நாள் நோம்பு வெக்கிறோம். தினம் தினம் தொறக்கிறோம். அதுக்கே பேரீச்சம்பழம், தண்ணி, கஞ்சின்னு ஒரு வரிசை கீது. நீங்க நாப்பது நாளை ஒரே பகல்ல தொறந்துட்டீங்களே” என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நாலாம் நாள் ரத்தத்தில் பாஸ்பேட் இன்னும் ஏறவில்லை. அறுநூறு கலோரியிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் பசியில் கட்டில் கம்பியை உலுக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் முகத்தில் டம்ளரை விட்டெறிந்தாள். மாதக்கணக்கில் சோற்றை வேண்டாம் என்றவள் இப்போது, “ஒரே ஒரு வாய் சோறு குடுங்கடி, செத்தா செத்துப்போறேன்” என்று அலறுகிறாள். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். அந்த நேரத்தில்தான் உன் அப்பா ஹாட்பாக்ஸோடு வந்தார். “இன்னா தம்பி, புள்ளைய பட்டினி போட்டே சாவடிக்கப் போறீங்களா? ரெண்டு பீஸ் உள்ள போச்சுன்னா எந்திரிச்சு உக்காருவா. நவுரு” என்று என்னைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே நுழையப் பார்த்தார். மூடி திறந்திருந்தது. வாசனை அவளுக்குப் போயிருக்க வேண்டும், உள்ளே கட்டில் தடதடவென்று ஆடியது. நான் அடித்தேன்.

இதுவரை எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது, மச்சி. ‘ஈஸ்டர் அன்று நிறையச் சாப்பிட்டாள்’ என்றேனே, அது.

அவள் சாப்பிடவில்லை. ஈஸ்டர் மதியம் மேசையில் மட்டன் பிரியாணி, சேமியா பாயசம், கேக் எல்லாம் இருந்தன. தட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டாள். நாலு பருக்கையை வாயில் போட்டு மென்று, கர்சீப்பில் துப்பினாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாள் முடிந்ததே, இன்னும் என்ன நாடகம் என்று கேட்டேன். பசியில்லை என்றாள். கையைப் பார்த்தேன். மணிக்கட்டு என் இரண்டு விரல் தடிமன். எனக்கு அந்த நிமிஷம் வந்தது பயம். ஆனால் எனக்குப் பயம் என்பது எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும், உனக்குத் தெரியும்.

எழுந்து போய் அவள் கழுத்தை முழங்கையில் இடுக்கினேன். நாய்க்கு மாத்திரை கொடுப்பதுபோலத் தாடையின் இரண்டு பக்கமும் அழுத்தி வாயைத் திறந்தேன். கைநிறையச் சோற்றை அள்ளித் திணித்தேன். கடித்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், எலும்பு தெரிய. நாலு தையல். அந்தக் கையாலேயே அறைந்தேன். அவள் உதட்டில் இருந்தது என் ரத்தமா அவளுடையதா என்று தெரியவில்லை. “முழுங்கு” என்று கத்தினேன். “முழுங்குடி.” அம்மா, “வுடுடா அவள, வுடுடா” என்று என் முதுகில் குத்திக்கொண்டிருந்தாள்.

முழுங்கினாள். பிறகு இன்னொரு வாய். மூன்றாவது வாயில் ஏதோ உடைந்தது. அவளே தட்டை இழுத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றாள், லாய்டு. அழுதுகொண்டே தின்றாள். மூன்று தட்டு. பாயசம் கிண்ணத்தோடு. கேக் பாதி. அம்மா என்னை விட்டுவிட்டுப் பரிமாற ஆரம்பித்தாள், சந்தோஷத்தில் அவளுக்கும் அழுகை. நான் விரலில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்று பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திங்கள்கிழமை முழுக்க ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். மூச்சு முட்டுகிறது என்றாள். நடிக்காதே என்றேன்.

யார் இவ்வளவு கொடுத்தது என்று அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார். “பண்டிகை சார், அவளே ஆசையா சாப்ட்டா” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். விரல் என்ன என்று கேட்டார்கள். கதவு நசுக்கியது என்றேன். உதட்டு வீக்கம் பாத்ரூமில் விழுந்ததால் என்று எழுதிக்கொண்டார்கள். பிரிஸில்லாவுக்கு நினைவு வந்த பிறகு அவளிடமும் கேட்டார்கள். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். காட்டிக்கொடுக்கவில்லை. உன் அப்பாவிடம் இருந்தது ஒரு டப்பா. நான் திணித்தது மூன்று தட்டு. அவரைச் சுவரில் மோதின கைக்கு அப்போதும் அந்தக் கட்டு இருந்தது.

இதை நான் முதன்முதலாக உன்னிடம்தான் சொல்கிறேன். நாளை கைசர் ஜஹான் அம்மாவிடமும் சொல்வேன். உன் அப்பா காலில் போய் விழுவேன். அதற்கு உன் சிபாரிசு வேண்டாம்.

இப்போதைய நிலவரம். பதினாறாம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு ஆயிரத்து இருநூறு கலோரியில் இருக்கிறாள். மூன்று நாளைக்கு ஒருமுறை நூறு கூட்ட வேண்டும். கால் வீக்கம் போய்விட்டது. வாரம் ஒருமுறை மருத்துவமனையில் எடை மிஷின் முள்ளுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து எடை பார்க்கிறார்கள், அவளிடம் சொல்வதில்லை. அட்டவணை ஜூன் கடைசி வரை போகிறது. அதனால் மே ஒன்பதாம் தேதி கல்யாணம் நடக்காது. கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தாயிற்று என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஃபாதரிடம் அம்மா பேசிவிட்டாள். உனக்கு இதில் வருத்தம் இருந்தால் என்னிடம் காட்டு. அவளிடம் ஒரு சொல் கேட்காதே.

அவள் என்னிடம் பேசுவதில்லை. பதினேழு நாள். நான் வாசல்படியில் கால் வைத்தால் வாயை மூடிக்கொள்கிறாள், மென்றுகொண்டிருப்பதையும் நிறுத்திவிடுகிறாள். அப்பா இல்லாததால் கோயிலில் அவள் கையைப் பிடித்து உன்னிடம் கூட்டி வர வேண்டியவன் நான். தனியாகவே நடந்து வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். சரி என்றேன்.

ஆகவே ஏற்பாடு இப்படி. சமையலறையில் கிராம் தராசு வைத்து நான் நிறுக்கிறேன். சாதம், பருப்பு, பால், எல்லாம். அம்மா தட்டை எடுத்துப் போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. நான் வெளியே நிற்கிறேன். காலித் தட்டு வந்தால் நோட்டில் டிக். இதுதான் என் வேலை. வெறும் தட்டைப் பார்க்க ஒரு ஆளுக்கு இவ்வளவு பொறுமை வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. பொறுமை எனக்கு வராது. நிற்கிறேன்.

இன்று காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லி உள்ளே போனது. தட்டு வந்தபோது அதில் அரை இட்லி மிச்சம் இருந்தது. அம்மா முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன என்று கேட்டேன். “அவன்கிட்ட சொல்லு, இன்னிக்கு அரை இட்லி ஜாஸ்தி வெச்சிட்டான்னு சொல்றாடா” என்றாள். நான் மறுபடியும் அட்டவணையைப் பார்த்தேன், மிச்சத்தைத் தராசில் வைத்தேன். அவள் சொன்னது சரி. சொர்ணம் அக்கா கொடுத்தனுப்பிய பெரிய இட்லி, நான் எண்ணிக்கையில் வைத்துவிட்டேன், நிறுக்கவில்லை.

எனக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுபடியும் கணக்குப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டாளா, அந்தப் பழைய வியாதிதானா? கைசர் ஜஹான் அம்மாவிடம் கேட்டாக வேண்டும். அல்லது வேண்டாம் என்று சொன்னால் இந்த வீட்டில் இப்போதாவது கேட்பார்களா என்று பார்த்தாளா? அந்த அரை இட்லியை நின்றபடியே நான் தின்றேன்.

நாளை நூறு கூட்டுகிற நாள். அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நாளை நிறுப்பதற்கு முன்னால் அவள் கதவைத் தட்டி, வெளியிலிருந்தே, கூட்டலாமா என்று கேட்கப் போகிறேன். அவள் சம்மதித்தால் கூட்டுவேன். பேசாமல் இருந்தால் அம்மா போனில் டயட்டீஷியனைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வேன். கையால் எதையும் திறக்க மாட்டேன், கதவானாலும் வாயானாலும்.

மே மூன்றாம் தேதி கொழும்பில் இறங்குகிறாய் அல்லவா? நேராக வா. எதுவும் வாங்கி வராதே. துணி, நகை, சாக்லேட் எதுவும் வேண்டாம். இளைத்துவிட்டாய் என்று சொல்லாதே. தேறிவிட்டாய் என்றும் சொல்லாதே. தட்டைப் பார்க்காதே, முகத்தைப் பார். என்னை அடிக்க வேண்டுமென்றால் கீழே தெருவிலேயே அடித்துவிடு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், உன் அப்பா பங்கையும் சேர்த்துக் கொடு. ஆனால் மாடிக்கு வரும்போது அந்தக் கோபம் உன்னோடு ஏறி வரக்கூடாது.

அவள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பாத்ரூம் கதவை நான் உடைத்த பிறகு அம்மா பயந்துபோய் வீட்டில் எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாள். தள்ளினால் திறந்துகொள்ளும். தள்ளாதே. தட்டு. அவள் வா என்று சொல்லும் வரை எவ்வளவு நேரமானாலும் நில். நானும் உன் பின்னால் நின்றுகொண்டிருப்பேன்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் நண்பன், அவள் அண்ணன்,
கிளமென்ட்